யாரும் கும்பிடாத மரம்

நீ நட்ட மரங்களின் அடிக்கட்டைகள் துளிர்த்திருக்கின்றன. இன்று காலை நம் ஊர்த் துணை சுகாதார நிலையத்துக்குப் போனபோது பார்த்தேன். சித்திரையில் தரையோடு அறுத்துப் போட்ட கட்டைகள். இரண்டு மழைதான் பெய்திருக்கிறது, அதற்குள் கட்டைக்கு ஒரு கொத்து இலை, எண்ணெய் தடவியது போன்ற அந்தப் பளபளப்போடு. உன் சிரிப்பு நினைவுக்கு வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். வந்தது எரிச்சல். செத்த பிறகும் நீ விவாதத்தை விடவில்லை என்கிற எரிச்சல்.

வெட்டச் சொன்னது நானில்லை. பூத்தூளால் இளைப்பு வருகிறது என்று யாரோ மனுக் கொடுத்தார்கள், வேர் கழிவுநீர்க் குழாய்க்குள் போய்விட்டது என்றார்கள், கொம்யூன் பஞ்சாயத்திலிருந்து ஆள் வந்து வெட்டிவிட்டார்கள். கேட்டிருந்தால் நானும் வெட்டத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அடுத்த கேள்வியை என்னிடம்தான் கேட்டார்கள்: வெட்டிய இடத்தில் என்ன வைப்பது? தாவரவியல் சொல்லித் தருகிறவள், இதே ஊர்க்காரி. ஒரு நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவேன் என்று நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை.

நாம் கல்லூரிக்குப் போன நாட்களின் பேருந்து நிறுத்தத்தை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். ஒரு வேப்ப மரம், அதைச் சுற்றி சிமெண்டுக் கட்டை. அதில் எங்கள் தெரு ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். நீ காலனியிலிருந்து வருவாய், சாலையின் எதிர்ப்பக்கம் நிற்பாய், ரெக்கார்டு நோட்டைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு. யாரும் உன்னை உட்காராதே என்று சொல்லிக் கேட்டதில்லை. சொல்லவேண்டிய அவசியம் இல்லாமல் இருந்தது. ஒரு நாள் நான் கட்டையிலிருந்து எழுந்து சாலையைக் கடந்து உன் பக்கத்தில் வந்து நின்றேன். பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பு. நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உனுக்கு இன்னாடி தலையெழுத்து?" என்றாய். "போயி நெழல்ல நில்லு. நீ வந்து நின்னா வெயிலு பாதியா கொறஞ்சிடுமா?"

அதற்குப் பிறகும் நான் உன் பக்கம்தான் நின்றேன். ஆனால் நீ சொன்னது சரி. வெயில் குறையவில்லை.

அந்த வேம்பின் கதையை நீ எனக்கு வருடக்கணக்காகத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தாய், கிரிக்கெட் வர்ணனை மாதிரி. நான் கல்யாணமாகி வில்லியனூருக்கு வந்துவிட்டேன்; நீ ஊரிலிருந்து தினமும் போய் வந்து, வில்லியனூருக்கு வெளியே உன் நாற்றுப்பண்ணையை ஆரம்பித்திருந்தாய். "இன்னிக்கி மஞ்சத் துணி கட்டிட்டாங்கடி." "செங்கல்லுல கண்ணு வரஞ்சி வெச்சிருக்காங்க, பார்த்தா உங்க சித்தி மாதிரியே இருக்குது." "சூலம் வந்திடுச்சி." "டைல்ஸ் ஒட்டிட்டாங்க, உங்க வூட்டு பாத்ரூம் டைல்ஸ விட நல்லா இருக்குது." கடைசியில் கம்பிக் கதவும் பூட்டும் வந்தன. பேருந்து நிறுத்தம் நாலு எட்டு தள்ளிப் போயிற்று, பொட்டல் வெயிலுக்கு. இப்போது திருவாண்டார்கோயில் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிற பெண்கள் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு அங்கேதான் வேனுக்கு நிற்கிறார்கள். எங்கள் தெருப் பெண்களும்தான். பூட்டு எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது என்பதில் உனக்கு ஒரு குரூரமான சந்தோஷம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சுகாதார நிலையம் கட்டி முடித்த வருடம் முற்றத்தில் வைக்க நீ இலவசமாகக் கன்றுகள் கொண்டு வந்தாய். கோனோகார்பஸ். நம் ஊரில் அதற்கு துபாய் மரம் என்று பெயர். நான் சொல்லச் சொல்ல நீ கேட்காமல் நாம் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? கன்றுகளைச் சின்ன யானை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாய், முழங்கை வரை மண்.

"இது இங்கத்து மரமே இல்ல. வேர் தண்ணீர்க் குழாயைத் தேடிப் போகும். ஒரு குருவிகூட உட்காராது" என்றேன்.

"குருவிக்கு ஊசி போடப் போறாங்களாடி? கைக்கொழந்தைய வெச்சிக்கினு நிக்கறவளுக்கு வெக்கிறேன். ரெண்டு வருசத்துல நெழல் குடுக்கும். உன் வேம்பு எப்ப குடுக்கும்?"

"வேம்பு நூறு வருஷம் நிற்கும். வறட்சி தாங்கும்."

"நிக்கும். யாரு அடியில நிப்பா?" என்று கேட்டுவிட்டு நீ சிரித்தாய். "இத எவனும் கும்பிட மாட்டான்டி புரொபசரு. பேரே வாயில நுழையல. இதுக்கு எவன் கூழு ஊத்துவான், சொல்லு?"

வியாபாரம் செய்கிறவளின் சாமர்த்தியப் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன். நீ எதையும் விளக்குகிறவள் இல்லை. நான் விளக்கம் இல்லாமல் எதையும் ஏற்கிறவள் இல்லை. இத்தனை வருடம் நாம் எப்படிச் சிநேகிதிகளாக இருந்தோம் என்பதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

உன் மரங்கள் நீ சொன்னபடி வளர்ந்தன. தடுப்பூசி போடும் புதன்கிழமைகளில் நான் ஒன்றிரண்டு முறை போய்ப் பார்த்தேன். காலனிப் பெண்களும் எங்கள் தெருப் பெண்களும் அந்த நிழலில் இருந்தார்கள். ஒன்றாகக் கலந்து உட்கார்ந்தார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன், இரண்டு கூட்டம்தான். ஆனால் யாரும் யாரையும் எழுப்பவில்லை. நிழல் நகர நகர இரண்டு கூட்டமும் நகர்ந்தது. நான் அதைப் பார்த்தேன், வேரைப் பற்றி யோசித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

போன தை மாதம் நீ போய்விட்டாய். சித்திரையில் மரங்களும் போயின. வெட்டிய பிறகு வந்த புதன்கிழமை நான் அங்கே இருந்தேன். வெறும் முற்றம், கொதிக்கிற மண். எங்கள் தெருப் பெண்கள் நிலையத்தின் தாழ்வாரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். அது சின்ன இடம், நிறைந்துவிட்டது. காலனிப் பெண்கள் மதில் ஓரத்து ஒரு முழ நிழலில் வரிசையாக, முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். பேருந்து நிறுத்தம் அப்படியே இங்கே வந்துவிட்டது. யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை, அன்று போலவே. நீ சொன்ன சாமர்த்தியப் பேச்சு அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு நான் செய்தது உனக்குச் சிரிப்பு மூட்டும். வெப்பத்தையும் வறட்சியையும் தாங்கும், நிழல் தரும், ஆனால் சாமி இல்லாத நம் மண்ணின் மரம் ஒன்றைத் தேட ஆரம்பித்தேன். இந்த நாட்டில்! வேம்பு அம்மன். அரசு பிள்ளையார். வன்னியைச் சுற்றுகிறார்கள். வில்வம், கொன்றை சிவன். மகிழம், புன்னை, இலுப்பை எல்லாம் ஏதோ ஒரு கோயிலின் தலமரம். பனையில் முனி, புளியில் பேய். பேய் இருந்தாலும் பரவாயில்லை என்று ஒரு நாள் தோன்றியது, பேய்க்கு யாரும் கம்பிக் கதவு போடுவதில்லை; ஆனால் கைக்குழந்தையோடு யார் வந்து உட்காருவார்கள்? வகுப்பில் இலையடுக்கம் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது பாதியில் நின்று யோசிக்கிறேன். மாணவிகள் எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்தார்கள்.

கடைசியில் புங்கனுக்கு வந்தேன். எங்கேயாவது ஒரு கோயிலில் அதுவும் தலமரமாக இருக்கும். ஆனால் நம் பக்கம் யாரும் அதை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. வெயில் தாங்கும், அடர்த்தியான நிழல், கோடை உச்சத்துக்கு முன்பே இலை உதிர்த்துவிட்டுச் சட்டென்று தளிர்த்துவிடும். பூச்சி கடித்து இலை முழுக்கக் கொப்புளம் கொப்புளமாக இருக்கும். அம்மை போட்ட முகம் மாதிரி. இதைக் கும்பிடத் தோன்றாது என்று கணக்குப் போட்டேன். பிறகு 'அம்மை' என்ற சொல் மண்டையில் தட்டியது, அதற்கும் ஒரு மாரியம்மனைக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று அன்று முழுக்கத் தவித்தேன். என் புத்தி போன போக்கைப் பார்.

எந்த மரம் என்று முடிவு செய்யும் கூட்டம் நிலையத்தின் தாழ்வாரத்திலேயே நடந்தது. கொம்யூனிலிருந்து ஓர் இளநிலைப் பொறியாளர், எங்கள் தெருவிலிருந்து தணிகாசலம் மாமா, காலனியிலிருந்து கவிதா. மாமாவை உனக்குத் தெரியும். கரும்பு, நெல், கோயில் நிர்வாகம் எல்லாம் அவர்தான். கவிதாவை எனக்குத்தான் அன்றுவரை தெரியாது, நம் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண், இடுப்பில் ஒரு வயதுக் குழந்தை.

"இதுல பேச இன்னாம்மா கீது? நாலு வேம்பு வெச்சிட்டா நோய் நொடி அண்டாது" என்றார் மாமா.

"புங்கன் வைக்கலாம் மாமா."

"ஏன், வேம்புக்கு இன்னா கொறச்சல்? நீயே பள்ளிக்கூடத்துல வந்து வேம்பு வேம்புன்னு பேசினவதானே?"

உண்மை. நான் வேர், குழாய், தாழ்வாரத்துக்கு எவ்வளவு தூரம் என்று ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். நீயானால் சிரித்துப் பேசி முடித்திருப்பாய். எனக்குச் சிரித்துப் பேச வராது. "வேம்பு வைத்தால் கொஞ்ச நாளில் கோயிலாகிவிடும். கோயிலானால் இவர்கள் உட்கார முடியாது" என்று கவிதாவைக் காட்டினேன்.

உள்ளே செவிலியர் சிரிஞ்சுப் பெட்டியை மூடுகிற சத்தம் கேட்டது.

"நாங்க யாராச்சும் சாதி பேசறமா? படிச்சவ நீதான் பேசற" என்றார் மாமா. குரலை உயர்த்தவில்லை, அதுதான் சுட்டது. "உங்கப்பா இருந்திருந்தா உன்ன இப்புடிப் பேச வுட்டிருப்பாரா?"

"பஸ் ஸ்டாப்பில் இப்போது யார் உட்காருகிறார்கள் மாமா?"

"அது கோயிலு."

"அது மரமாக இருந்தது."

நான் எதிர்பாராதது கவிதாவிடமிருந்து வந்தது. "மேடம் சொல்றது நெசம்தான்" என்றாள். "ஆனா வேம்பே வெய்யிங்க. ஆத்தா வந்தா வரட்டும், எங்களுக்கும் அவதான் ஆத்தா. எவன் பூட்டு போடறான்னு நாங்க பார்க்கறோம். அவங்களுக்குப் பயந்துக்கினு நாங்க ஏன் மேடம் வேற மரம் தேடணும்?"

இதற்குப் பதில் உன்னிடம் இருந்திருக்குமா? எதிர்ப்பக்கம் நின்ற நீ, பிறகு பெயர் வாயில் நுழையாத மரமாகப் பார்த்து வைத்த நீ, இந்தப் பெண்ணிடம் என்ன சொல்லியிருப்பாய்? நான் பொதுவாகச் செத்தவர்களிடம் கேள்வி கேட்பதை நம்புகிறவள் இல்லை. இதைக் கேட்கத்தான் இந்தக் கடிதமே எழுத உட்கார்ந்தேன் என்று இப்போது தெரிகிறது.

பொறியாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எங்க நர்சரியில இப்போதைக்குப் புங்கன்தான் சார் ஸ்டாக் இருக்கு" என்றார். முடிந்தது. என் தவிப்பும் மாமாவின் கோபமும் கவிதாவின் கேள்வியும் ஒரு பக்கம். கையிருப்பு ஒரு பக்கம்.

நேற்று நட்டார்கள். முற்றத்தின் தெற்கிலும் மேற்கிலும், புதன்கிழமை நடுப்பகல் வெயிலை மறிக்கிற மாதிரி, கட்டைகளுக்கு இடையில் குழி எடுக்கச் சொல்லியிருந்தேன். மாமாவும் வந்தார். அவரிடம் ஒரு நல்ல குணம், கோபத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவார். கற்பூரம், தேங்காய், எலுமிச்சை. எதை ஆரம்பித்தாலும் செய்கிற பூசைதான், டிராக்டருக்கும் போர்வெல்லுக்கும் செய்வதுதான். இடுப்புயரக் கன்றுகளுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கழியோடு சேர்த்துப் பூச்சரம் சுற்றினார்கள். எல்லோரும் கைகூப்பினார்கள். கவிதாவும்தான்.

இன்று காலை ஆள் நடமாட்டத்துக்கு முன்பே போனேன். தண்ணீர் ஊற்றப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். வாளியில் தண்ணீர் பிடித்து, பூச்சரத்தை அவிழ்த்துப் போட்டுவிட்டு, முதல் கன்றின் தண்டில் குவளையால் ஊற்றி விரலால் தேய்த்தேன். மஞ்சள் சீக்கிரம் போகவில்லை. நகக்கண்ணெல்லாம் ஏறியது. கடவுள் நம்பிக்கை இல்லாதவள், ஆனாலும் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

கவிதா வாசலில் நின்றிருந்தாள், குழந்தையோடு. எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

"இன்னா மேடம், கன்னுக்கு மூஞ்சி கழுவி வுடறீங்களா?"

"ஆமாம்" என்றேன்.

அவள் நேற்று அதற்குக் கைகூப்பியவள். வேம்புதான் வேண்டும் என்றவள். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவள் குழந்தையை இறக்கிவிட்டாள், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். "எனுக்கு இது இன்னும் புடிக்கல. சொல்லிட்டேன்" என்றாள். பிறகு குவளைக்குக் கை நீட்டினாள்.

நானும் அவளும் ஒவ்வொரு கன்றாகக் கழுவினோம். இந்தக் கன்றுகள் ஓர் ஆளுக்கு நிழல் தர மூன்று நான்கு கோடையாவது ஆகும். அதுவரை அவர்கள் மதில் ஓரமாகத்தான் நிற்பார்கள். வெள்ளிக்கிழமை யாராவது மறுபடியும் குங்குமம் வைப்பார்கள். சனிக்கிழமை காலை நான் அங்கே இருப்பேன்.