வலது கையில் கட்டியிருந்தவர்

ஆம்ஸ்டர்டாம்,
ஞாயிறு காலை.

அன்பு மகன் ஹார்ட்டொக்குக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் சுகம்தான், என் முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. மெல்போர்னில் இப்போது வெயில் கொளுத்துமே, தொப்பி இல்லாமல் அலையாதே. போன வாரம் தொலைபேசியில் அம்மாவோடு அரை மணி நேரம் பேசினாய், என்னோடு ஒரு நிமிடம்கூட இல்லை. குறை சொல்லவில்லை, நமக்குள் பேச்சு ஓடாததற்கு நான்தான் காரணம், அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நம் பழம்பொருள் கடைக்குச் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட ஒரு பழைய படம் வந்தது, இருநூறு வருஷத்துக்கு மேல் இருக்கும். நம் யூத ஜெப ஆலயம் ஒன்றில் காலை ஜெபத்துக்கு மூன்று பேர் நிற்கிறார்கள், வேதவசனம் வைத்த சிறு பெட்டியோடு கையில் தெபிலின் தோல்வார் சுற்றியிருக்கிறது. இரண்டு பேருக்கு இடது கையில், நடுவில் நிற்பவருக்கு வலது கையில். இடது கையில்தானே கட்டுவோம், வரைந்தவன் நம் ஆளில்லை, அவனுக்கு என்ன தெரியும் என்று சிரித்துக்கொண்டே படத்தின் விவர அட்டையில் ‘ஓவியரின் பிழை’ என்று பென்சிலால் எழுதினேன். மதியம் சாப்பாடு கொண்டுவந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். “பிழைன்னு ஏன் எழுதுறீங்க? அந்த மனுஷன் இடதுகைக்காரனா இருப்பான், நம்ம பையன் மாதிரி” என்றாள். சொல்லிவிட்டு ஹெர்ரிங் மீனையும் வெங்காயத்தையும் தட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் தட்டைத் தள்ளி வைத்தேன். எழுதியதை அழித்துவிட்டு மறுபடி மறுபடி பார்த்தேன். பக்கத்தில் நிற்கும் இருவரும் அவரவர் புத்தகத்தில்தான் கண்ணை வைத்திருக்கிறார்கள், ஒருத்தர்கூட அவர் கையைத் திரும்பிப் பார்க்கவில்லையடா.

உனக்குப் பதின்மூன்று வயது நிறைந்து தெபிலின் கட்டத் தொடங்கிய அந்த வாரம் நீ என்னிடம் கேட்டாயே, “அப்பா, நான் வலது கைல கட்டிக்கிறேனே, எனக்கு இடது கையாலதான் சுத்த வருது” என்று. எல்லாரும் எதில் கட்டுகிறார்களோ அதில் கட்டு என்று அதட்டினேன். வார் நழுவி நழுவி விழுந்தபோதெல்லாம் சோம்பேறி என்று பேர் வைத்தேன். நாலு மாதத்தில் நீ அதைப் பைக்குள் போட்டுவிட்டு ஆலயத்துக்கு வருவதையே நிறுத்தினாய். அப்பாவுக்கு முறை தெரியாது போலிருக்கிறது என்று நீ இத்தனை வருஷமும் நினைத்திருப்பாய். அது உண்மையில்லை, எனக்குத் தெரியும். இடதுகைக்காரன் வலது கையில் கட்டுவதுதான் முறை என்று அதற்கு முந்தின வாரமே நம் ஆலயத்துக் குரு, ராபி, என்னிடம் சொல்லியிருந்தார். ஆலயத்தில் நம் வரிசையில் உட்காருபவர்கள் உன்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்களே என்று எனக்கு வெட்கமாக இருந்தது, அதனால் உன்னிடம் மறைத்துவிட்டேன். அம்மாவுக்கே நேற்றுத்தான் சொன்னேன், அவள் இன்னும் என்னோடு பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை, நீ இங்கே விட்டுப்போன தெபிலினை அதைச் செய்பவரிடம் எடுத்துக்கொண்டு போய், இடதுகைக்காரருக்கு வேண்டிய விதமாக முடிச்சை மாற்றிக் கட்டித் தரச் சொல்லி வாங்கி வந்தேன். இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். கட்டிக்கொள் என்று சொல்ல எனக்கு வாயில்லை, இஷ்டமில்லையென்றால் மூடியே வை. அம்மாவுக்குப் பதினெட்டாம் தேதி பிறந்தநாள், மறக்காமல் கூப்பிடு. இறைவன் உன் போக்கையும் வரவையும் காக்கட்டும், நீ நீண்ட நாள் நன்றாக இரு. அன்றைக்கு நீ கேட்டது சரி, மகனே. முப்பது வருஷம் கழித்துச் சொல்கிறேன்.

உன் அப்பா,
நாத்தான் பூக்மன்