நீங்கள் வைத்த நான்காம் இடம்

இஞ்சாருங்கோ,

நாளைக்கு உங்கள் முப்பத்தோராம் நாள் கிரியை. அதற்கு முன் நான் செய்த ஒரு களவைச் சொல்லிவிட வேண்டும். கோபம் வந்தாலும் முழுக்கக் கேளுங்கள்.

நம் ஆட்களுக்கு ஃபுட்போல் என்றால் காலால் உதைப்பது. நீங்களோ தலைக்கவசம் போட்டு முட்டி மோதுகிற இந்த நாட்டு ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டு, விட்பி நகரில் ஒரு சின்னப் பத்திரிகைக்கு இருபது வருடம் எழுதினீர்கள். கனடாவின் பல்கலைக்கழக அணிகளில் சிறந்த பத்தை வாராவாரம் வரிசைப்படுத்தும் எழுத்தாளர்களில் நீங்களும் ஒருவர் என்பதில் உங்களுக்கு எவ்வளவு பெருமை. ஏழாவதா எட்டாவதா என்று தேத்தண்ணி ஆறும்வரை யோசிப்பீர்கள். யாருக்கு அந்தக் கவலை என்று நான் நக்கலடிப்பேன்.

"அந்தப் பெடியளுக்கு," என்பீர்கள். "மழைக்க விழுந்தெழும்பினவங்கள். ஏனோதானோ எண்டு எழுதேலாது."

நீங்கள் கண்மூடிய ஞாயிறு, சாப்பாட்டு மேசையில் ஏழு பெயர்களோடு பட்டியல் கிடந்தது. மறுநாள் மத்தியானத்துக்குள் அனுப்பச் சொல்லி வழக்கம்போல ஈமெயில் வந்தது. வீடு நிறையச் சனம். நான் உங்கள் அறைக்குள் போய், மிச்சம் மூன்றையும் போன வாரத்துப் பட்டியலைப் பார்த்து நிரப்பி, உங்கள் பெயரில் அனுப்பிவிட்டேன். ஏன் செய்தேன்? இன்றைக்கும் தெரியவில்லை.

அடுத்த திங்களும் அனுப்பினேன். அதற்கடுத்த இரண்டு திங்களும். அணிகள் வென்றன, தோற்றன. நீங்கள் எழுதிய ஏழில் ஒன்றையும் நான் அசைக்கவில்லை. உங்கள் கையெழுத்தில் இருந்த வரிசையை மாற்ற எனக்கு மனம் வரவில்லை.

மகள் கண்டுபிடித்துவிட்டாள். "அம்மா, உது பிழை. அப்பா இருந்தா உங்களோட கதைக்கவே மாட்டார்," என்றாள். சரியாகத்தான் சொன்னாள்.

போன கிழமை, உங்கள் எல்லோரின் பட்டியல்களையும் சேர்த்து வாக்கெண்ணுகிற வெள்ளைக்காரர் உங்களுக்கு எழுதியிருந்தார். இரண்டு முறை தோற்ற அணியை இன்னும் நான்காவதாக வைத்திருக்கிறீர்களே, நாங்கள் காணாத எதையோ நீங்கள் கண்டிருக்க வேண்டும், அது என்னவென்று சொல்லுங்கள் என்று மரியாதையாகக் கேட்டிருந்தார். அதை வாசித்துவிட்டு நான் குளறி அழுதேன். உங்களிடம் பதில் எதிர்பார்க்க இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான் மிச்சம். அவரிடமும் சொல்லிவிட்டால் பிறகு யார் இருக்கிறார்கள்?

அந்த அணி இந்தச் சனிக்கிழமையும் தோற்றுவிட்டது. தெரிந்திருந்தால் நீங்களே அதை இறக்கியிருப்பீர்கள். உங்களுக்குத் தெரியாது என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இன்று திங்கள். மத்தியானத்துக்கு முன் அவருக்கு உண்மையை எழுதுவேன், சத்தியமாக. என் பிழையால் இடம் இழந்த பெடியளிடம் மன்னிப்பும் கேட்பேன். மரண அறிவித்தலை மகள்தான் எழுதினாள். தொலைபேசியில் கேட்டவர்களுக்கும் அவள்தான் சொன்னாள். நீங்கள் இல்லை என்று என் கையால் எழுதப்போவது இதுதான் முதல் தடவை.

உங்கட மனிசி,
புவனா