சாமி விளக்கும் வெள்ளித்தாளும்

மச்சான்,

எழுத்துகள் மேலும் கீழுமாகப் போகின்றன, பொறுத்துக்கொள். இரண்டு இடத்தில் பேனா தாளைக் கிழித்தும் விட்டது. கோபத்தில் அழுத்திவிட்டேன். ஆனாலும் பார்த்தாயா, எழுதுகிறேன்! கோயில் மண்டபத்தில் சின்னக் கதிரையில் மடங்கி உட்கார்ந்து அ, ஆ பழகிய கிழவனின் முதல் கடிதம் இது. உன்னைத் திட்டத்தான் எழுதுகிறேன்.

இன்று ஞாயிறு காலை மிட்சம் ஊரிலிருந்து கோயிலுக்கு மினிகாப், அதுதான் வாடகைக் கார், எடுத்தேன். கதவைத் திறந்ததும் சூடேறிய பிளாஸ்டிக் மணம். உன் காரின் அதே மணம். முன்னால் பிள்ளையார் படம், சுற்றிவரச் சிவப்பும் பச்சையுமாய் மின்னும் குமிழ்கள். சிகரெட் லைட்டர் சொக்கெட்டில் ஒன்றை மூன்றாக்கும் பிளக். அதில் சாமி விளக்கு, சின்ன ஹீட்டர், கோப்பையில் தண்ணீர் கொதிக்கவைக்கும் கம்பி.

உன் காரிலும் இதே மூன்றும்தானே. கோலியர்ஸ் வுட் ஸ்டேஷனடியில் சவாரிக்குக் காத்திருக்கும்போது என்ஜினை நிறுத்துவாய், விளக்கை நிறுத்த மாட்டாய். "சாமியை இருட்டிலை விடுறதோ?" என்பாய். பியூஸ் போகும். புதிது போடுவாய், அதுவும் போகும். கடைசியில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைப் பியூஸில் சுற்றிச் செருகினாய்.

"பியூஸ் போறது உன்னைக் காப்பாத்தத்தான், மடையா. ரெண்டைக் கழட்டு" என்றேன்.

"பயந்தாங்கொள்ளிக்குத் தேத்தண்ணி கிடையாது" என்று சிரித்தாய். பிறகு தந்தாய். நல்ல தேநீர், அதுதான் எரிச்சல்.

அந்த மழை நாளில் முன்பலகைக்கு அடியிலிருந்து புகை வந்தது. பியூஸ் என்றால் அறுந்திருக்கும், கதை முடிந்திருக்கும். வெள்ளித்தாள் அறவில்லை, வயர் எரிந்தது. இருவரும் வெளியே பாய்ந்தோம். நீ தப்பிவிட்டாய், மச்சான். தப்பிய பிறகு, "படம்!" என்று கத்திக்கொண்டு திரும்ப உள்ளே போனாய். படத்தோடுதான் வந்தாய். ஆனால் அந்தப் புகை உன் நெஞ்சை விடவில்லை. ஆசுபத்திரியிலிருந்து நீ வீட்டுக்கு வரவில்லை.

இன்றைய சாரதிக்கு ஐம்பது வயதிருக்கும். "தம்பி, இறங்கேக்கை இதுகளைக் கழட்டுவீரோ?" என்று கேட்டேன்.

"சாமி விளக்கை நிப்பாட்டலாமோ ஐயா? இதுக்காகக் கோலியர்ஸ் வுட்டிலை ஒருத்தர் உயிரையே குடுத்தவர். கேள்விப்படேல்லையோ?"

அந்த ஒருத்தர் நீ! செத்தவீட்டிலேயே உன்னைப் பெரிய பக்தனாக்கிவிட்டார்கள். இப்போது உன் பெயரால் இன்னொருவர் எரியப் பார்க்கிறார்.

"காரை நிப்பாட்டும். அவன் சாமிக்குச் சாகேல்லை. ஒரு துண்டு வெள்ளித்தாளாலை செத்தவன். நான் பக்கத்திலை நிண்டனான்."

அவர் வீதியோரம் நிறுத்தினார். பியூஸ் பெட்டியைத் திறந்தார். உள்ளே அதே மினுக்கம். விரலை வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்தார். "சுடுது, ஐயா." மூன்று வயரையும் பிடுங்கிப் பின்சீற்றில் எறிந்தார். விளக்கில்லாத பிள்ளையாரோடு கோயில்வரை போனோம். அவர் ஒன்றும் கோபிக்கவில்லை.

முன்பின் தெரியாத மனிதர் ஒரு சொல்லில் கேட்டார். என்னோடு ஒரே கோப்பையில் குடித்த நீ கேட்கவில்லை. இதை நான் எப்படிப் பொறுப்பது? இன்றைக்கும் யார் காரில் ஏறினாலும் முதலில் சொக்கெட்டைத்தான் பார்க்கிறேன். என்ஜின் நின்றதும் என் கை தானாகப் போய்ப் பிளக்கைப் பிடுங்குகிறது. மகள் சிரிக்கிறாள். நீ எனக்கு விட்டுப்போன சொத்து அதுதான்.

அடுத்த ஞாயிறும் உட்கார்ந்து எழுதுவேன். கோபம் இன்னும் நிறையக் கிடக்கிறது. எனக்கு எழுதத் தெரிந்துவிட்டது, மச்சான். இனி நீ என்னிடமிருந்து தப்ப முடியாது.