குகையில் கிடைத்த தீவுக் கோழி

மார்ச் 3, செவ்வாய்

கொக்கு இன்று என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. எங்கள் துறைத்தலைவருக்கு அந்தப் பட்டம் நான் வைத்ததுதான். காரியம் ஆக வேண்டுமென்றால் மட்டும் அதற்கு என் பெயர் ஞாபகம் வரும்.

குகையில் தோண்டி எடுத்து நான் பிரித்து வைத்த பழைய பறவை எலும்புகளில் ஒரு கால் எலும்பைத் தூக்கிப் பிடித்து, "தீவுல மட்டும் இருக்கிற பறக்காத கோழியாச்சே. இங்க குகைல எப்படிம்மா?" என்றது. எப்படியா? கடல் வற்றிக் கிடந்த காலத்தில் தீவும் கரையும் ஒரே நிலம். இங்கேயும் மேய்ந்திருக்கிறது, மனிதன் தின்று தீர்த்திருக்கிறான். இதை எழுதிக் கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. படித்தால்தானே.

மார்ச் 11, புதன்

நான் எழுதிக் கொடுத்த கட்டுரை அச்சுக்குப் போகிறது. கொக்கின் பெயர் மட்டும். வாக்கியம் என்னுடையது, அளவு என்னுடையது, படம் நான் வரைந்தது. கடைசியில் 'எலும்புகளைக் கழுவி உதவியவர்களுக்கு நன்றி'. கழுவி உதவினேனாம்!

கேட்டேன். "சின்ன விஷயத்தைப் பெருசு பண்ணாதீங்கம்மா" என்றான். நாசமாப் போக.

மார்ச் 12, வியாழன்

அக்கா என் மேலேயே பாய்ந்தாள். "அவன் சொன்னான்னு வாயைப் பொத்திக்கிட்டு வந்தியாடி?"

மார்ச் 17, செவ்வாய்

அந்தக் கோழி எலும்பின் உட்குழியை ஊசியால் சுரண்டினேன். வெள்ளை மணல். கடல் மணல். குகை மண் செக்கச்செவேலென்று இருக்கும்.

கழுவிய அன்று குகை எலும்புத் தட்டும் தீவிலிருந்து வந்த எலும்புத் தட்டும் பக்கத்தில் பக்கத்தில் காய்ந்தன. எந்த இடத்து எலும்பு என்று எழுதிய சீட்டு நனையக் கூடாதென்று தட்டுக்கு முன்னால் கல் வைத்து அழுத்திவிடுவோம். மதியம் வெயில் நகர்ந்ததும் தட்டுகளை இடம் மாற்றினேன். சீட்டுகளை? மாத்தினேனா?

இல்ல. மாத்தல.

இரண்டிலும் மற்றதெல்லாம் எங்கும் கிடைக்கிற வாத்து, புறா. அதனால் உறைக்கவே இல்லை. இங்கே எந்தக் கோழியும் மேயவில்லை, யாரும் தின்னவில்லை. எல்லாம் என் கவனக்குறைவு.

மார்ச் 18, புதன்

சொல்ல வேண்டும். அச்சாக ஒன்பது நாள் இருக்கிறது.

சொல்லமாட்டேன். தீவு ஆய்வகத்துக்காரர்கள் எலும்பைக் கேட்பார்கள், மணலைப் பார்ப்பார்கள், ஒரே நாளில் கொக்கின் மானம் கப்பலேறும். பெயரைத் தனியாகப் போட்டுக்கொண்டவன் அதையும் தனியாக அனுபவிக்கட்டும். பாவம் என்று ஒரு கணம் தோன்றியது. ஒரு கணம்தான்.

மார்ச் 27, வெள்ளி

மேசை மேல் அச்சுப் பிரதி. பக்கத்தில் கொக்கு, தலையைச் சொறிந்துகொண்டு.

"போன வாரம் உங்க அக்கா வந்து எல்லார் முன்னாடியும் என்னைக் கிழிச்சுட்டாங்கம்மா. யோசிச்சுப் பார்த்தேன், நியாயம்தான். என் பேரை எடுத்துட்டு உங்க பேரை மட்டும் போட்டுட்டேன். முழுக்க உங்க உழைப்பு. தீவு ஆய்வகத்துக்கும் ஒண்ணு அனுப்பியாச்சு."

வீட்டுக்கு வந்தேன். அக்கா பத்துப் பிரதி வாங்கி வைத்திருக்கிறாள்.