பாஸிலா பேசுற வீடியோ

வடமதுரை
3.7.2025

கிதர் மச்சானுக்கு ஸலாம்.

காலைல பதினொன்னு இருபதுக்குத்தான் ஆஸ்பத்திரில இருந்து போன் வந்துச்சு, போன மாசம் பத்தாந்தேதி. உங்க தங்கச்சி பாஸிலா மௌத்தாயிட்டா, உசுரு போயிருச்சுன்னு. மில்லுல பேனல் போர்டைத் தொறந்து வச்சு ஒயர் பாத்துட்டு இருந்தேன். போர்டை மூடி, ஸ்க்ரூ எல்லாத்தையும் முறுக்கிட்டுத்தான் கெளம்புனேன். அழுகை இன்னும் வரல. கோவம்தான் வருது. போன்ல பேசுனா நீங்க மட்டும்தான் பேசுவீங்க. அதான் எழுதுறேன்.

"கிட்னிக்கு ரெய்ஷி காளான் பொடி போதும் பாஸி, சீனாவுல காலங்காலமா சாப்புடுறாங்க, டயாலிசிஸ விட்டுத்தள்ளு"ன்னு சொன்னது யாரு? நான் கத்துனப்ப, "மாப்ள, ஒயர நீ பாரு, ஒடம்ப எங்ககிட்ட விடு"ன்னு சிரிச்சது யாரு?

பொடி குடிச்சு நல்லாருக்கேன்னு அவ பேசுன வீடியோவ, கபர் மண்ணு காயுறதுக்குள்ள, பொடி விக்கிற உங்க வாட்ஸ்அப் குரூப்ல திரும்பப் போட்டிருக்கீங்க. நேத்து உம்மு சல்மாங்குற ஒரு பேகம்பூர் அம்மா பாஸிலா நம்பருக்குக் கூப்பிட்டாங்க. அவங்களும் டயாலிசிஸ நிப்பாட்டிட்டாங்களாம். "காலு வீங்குதுப்பா. பாஸிலாவுக்கும் மொதல்ல வீங்குச்சான்னு கேக்கணும்." அவ மௌத்தாயிட்டான்னு சொன்னேன். நம்பல. "வெள்ளிக்கிழமகூட வீடியோவுல பேசுனாங்களே"ங்குறாங்க.

வீடியோவ எடுங்க. அம்புட்டுத்தான்.

நியாஸ்


பேகம்பூர்
6.7.2025

அன்பான மாப்பிள்ளைக்கு மச்சான் எழுதுறது.

உன் கோவம் புரியுது. தோள்ல தூக்கி வளத்த தங்கச்சி, தெரிஞ்சு செய்வனா? நானும் அந்தப் பொடியத்தான் குடிக்கிறேன். தோல் மண்டிய மூடுனப்பறம் அதாலதான் இங்க அடுப்பு எரியுது. அம்மா தெனமும் அந்த வீடியோவப் பாத்துட்டுத்தான் படுக்குது. அவ குரல அழிக்கச் சொல்றியா? குரூப்ல மௌத்துன்னு போட்டா ஆளுக பயந்துருவாங்கப்பா. அல்லா குடுத்த ஆயுசு அம்புட்டுத்தான்.

நாப்பதாம் நாள் பாத்திஹாவுக்கு பிரியாணிச் செலவு என்னோடது. நேரத்துக்குச் சாப்புடு. மெலிஞ்சு போயிட்டேன்னு அத்தா சொன்னாரு.

உன் மச்சான்
கிதர்


வடமதுரை
9.7.2025

கிதர் முகம்மது அவர்களுக்கு,

அம்மா போன்ல வீடியோ இருக்கட்டும். அதை அழிக்கச் சொல்லல.

அவள அடக்குன அன்னிக்கு, ஜனாஸா தொழுகைக்கு முன்னாடி ஜமாத்து முன்னால நின்னு, "என் தங்கச்சி யாருக்காச்சும் தப்பு செஞ்சிருந்தா மன்னிச்சிருங்க"ன்னு கேட்டது நீங்க. அவ பேர்ல மன்னிப்புக் கேட்டுட்டு, அவ வாயாலயே இன்னும் தப்பு செய்ய வைக்கிறீங்க. மண்ணுக்குள்ள இருக்குறவ யார்ட்ட போய் மறுக்க முடியும்?

உம்மு சல்மா வீட்டுக்கு நேர்ல போனேன். இறப்புச் சான்றிதழைக் காட்டுனேன். ரொம்ப நேரம் பாத்தாங்க. "அடப்பாவி, அந்தக் கிதர்தான எனக்குப் பொடியக் கலக்கிக் குடுத்தான்"னாங்க. மகனோட ஆட்டோவுல ஆஸ்பத்திரிக்கு ஏத்திவிட்டேன். டயாலிசிஸ் திரும்ப நடக்குது.

மத்தவங்க வீடு எனக்குத் தெரியாது. அதனால இப்ப பாஸிலா நம்பர்ல இருந்தே அந்த வீடியோவுக்குக் கீழ எழுதிட்டேன்: "நான் இவ புருசன். டயாலிசிஸ நிப்பாட்டுனா, மௌத்தாயிட்டா. நீங்க யாரும் நிப்பாட்டாதீங்க."

பாத்திஹாவுக்கு அத்தாவும் அம்மாவும் வரட்டும். நீங்க வேணாம். உங்க பிரியாணியும் வேணாம்.

கூப்புடுவீங்கன்னு தெரியும். போனை ஆஃப் பண்ணிட்டேன்.

நியாஸ்