பச்சைப் பெட்டிக்குள் ஒன்றும் இல்லை, அண்ணா

இதை யார் எடுத்தாலும் தயவுசெய்து மடித்து அங்கேயே வைத்துவிடுங்கள். அப்பாவிடம் காட்டாதீர்கள். அம்மாவிடம் சத்தியமாகக் காட்டாதீர்கள். இது என் அண்ணனுக்கு எழுதுவது. அவனிடம் கொடுக்க வழியில்லை என்று எனக்கும் தெரியும்.

அண்ணா, உன் டிலே பெடல் என் மடியில் இருக்கிறது. கிட்டாருக்கு எதிரொலி கொடுக்கும், பச்சைப் பெயின்ட் உரிந்த அந்தச் சின்ன இரும்புப் பெட்டி. பேட்டரி மூடியைத் திறந்தால் இன்னும் ஏலக்காய் வாசனை வருகிறது. மலையில் ஏலத்தோட்ட வேலை முடிந்து வந்ததும் கையைக் கழுவாமல் தொடாதே என்று எத்தனை தடவை சொன்னேன். கேட்டாயா? உன் மேல் எனக்கு அவ்வளவு கோபம்.

நாளை உன் முப்பதாம் நாள் பூசை. அது முடிந்ததும் உன் பொருட்களைக் கொடுத்துவிடுவார்கள். சட்டைகள் சித்தப்பாவுக்கு. கிட்டார் மாதா கோயிலுடையது, முதல் வாரமே திரும்பிப் போய்விட்டது. இந்தப் பெடலை ஜீப்காரர் மகன் கேட்டிருக்கிறான். பாடகர் குழுவில் உன் பக்கத்தில் நின்று வாசிப்பவன்தான். அப்பா சரி என்று சொல்லிவிட்டார். பத்துப் பேர் ஏறும் ஜீப்பில் பதினெட்டுப் பேரை அடைத்து, உன்னைப் பின்னால் தொங்கவிட்டு, கம்பம்மெட்டு வளைவில் கவிழ்த்தவர் வீட்டுக்கு!

"அவுகளும் வருத்தத்துலதான் இருக்காக, விடுத்தா" என்கிறார் அப்பா. அவர்கள் வருத்தத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அதனால் இன்று சாயங்காலம் ஒரு பொய் சொல்லிவிட்டேன். அம்மா முந்தானையால் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று கேட்டாள்.

"வாசிச்சதையே திருப்பித் திருப்பிச் சொல்ற பெட்டிதானத்தா இது? அப்ப அவன் கடைசியா வாசிச்சது உள்ள இருக்குமா?"

"இருக்கும்மா" என்றேன்.

அம்மா பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "அப்பன்னா இத யாருக்கும் குடுக்கக் கூடாது" என்று அப்பாவைப் பார்த்தாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அடுத்த நிமிடமே அம்மா, "இப்பப் போடு, கேப்போம்" என்றாள். கிட்டாரும் ஸ்பீக்கரும் கோயிலில் இருக்கின்றன என்று சொல்லித் தப்பித்தேன். நாளை பூசை முடிந்ததும் எல்லோர் முன்னாலும் போட்டுக் காட்ட வேண்டுமாம். அந்த ஜீப்காரர் மகன் அங்கே நிற்பான். இதற்குள் எதுவும் தங்காது என்று அவனுக்குத் தெரியும். சிரிப்பான். அம்மாவின் முகத்துக்கு நேராகச் சிரிப்பான்.

தேனிக்கு இதை வாங்கப் போனோமே, நினைவிருக்கிறதா? கச்சேரிகளில் கிட்டார் வாசிக்கும் ஒருவரின் மாடி அறை. என்னென்ன பார்க்க வேண்டுமென்று என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தாய். நீ கிட்டாரில் வாசித்துப் பார்க்க, நான் ஒவ்வொன்றாக டிக் போட்டேன். எதிரொலி எவ்வளவு தள்ளி வருகிறது. எத்தனை தடவை வர வேண்டும், எவ்வளவு சத்தமாக வர வேண்டும் என்பதற்குத் தனித்தனித் திருகு இருக்கிறதா. அடாப்டரைச் செருகினால் இரைகிறதா. முழுவதும் திருகினால் ஊளையிடுகிறதா. அது ஊளையிட்டதும் கீழ்வீட்டு நாய் பதில் சொன்னது.

"என்னப்பா, பொண்ணு பாக்க வந்த மாதிரி லிஸ்ட்டு? பேசாம டிஜிட்டல் எடுத்துக்க. கண்ணாடி மாதிரி கேக்கும்" என்றார் அவர்.

"கண்ணாடி வேணாம்ணே. போகப் போக மங்கணும்" என்றாய் நீ.

"இந்தா பாருடா, மங்கணுமாம்ல!" என்று அவர் சிரித்தார். நான் வெட்கப்பட்டு நோட்டை மூடிவிட்டேன். கடைசி வரிக்கு டிக் போடவில்லை. காலால் அணைத்த பிறகும் மிச்ச எதிரொலி தானாக ஓய்கிறதா என்பதுதான் அந்தக் கடைசி வரி.

திரும்பி வரும் பஸ்ஸில், உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டேன். "கான்கிரீட் போடயில சட்டி கை மாறும்ல, அப்படித்தான். ஒவ்வொரு கையிலயும் கொஞ்சம் சிந்தும். கடைசிக் கைக்குப் போனா முடிஞ்சுச்சு. எதையும் வச்சுக்காது" என்றாய்.

வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது. காலால் அழுத்தி அணைத்ததும் எதிரொலி பட்டென்று வெட்டுப்பட்டது. யாரோ வாயைப் பொத்தியதுபோல இருந்தது. டிக் போடாதவள் நான். ஆனாலும் "ஏமாந்துட்டு வந்திருக்க பாரு" என்று உன்னைத்தான் ஒரு வாரம் நச்சரித்தேன். ஒரு தடவையாவது திருப்பித் திட்டியிருக்கலாமே! "விடுத்தா, இன்னும் நாலு வாரம் மலைக்குப் போனா நல்லதா ஒன்னு வாங்கிருவோம்" என்றாய். மூன்றாவது வாரம் அந்த ஜீப்.

யார் கேட்டார்கள் உன்னை? வெட்டினால் வெட்டட்டும் என்று இதையே வாசித்திருக்கக் கூடாதா? ஜீப் நிறைந்திருந்தால் அடுத்ததில் வரக் கூடாதா? ஜீப்காரர் மேல், அப்பா மேல், உன் மேல் என்று எல்லோர் மேலும் கோபப்பட்டுப் பார்த்துவிட்டேன். சுற்றிச் சுற்றி அந்த நோட்டின் கடைசி வரியில்தான் வந்து நிற்கிறது.

நற்கருணைப் பாட்டின் தொடக்கத்தில் நாலாவது சுரத்தை நீ எப்போதும் அவசரப்பட்டு முன்னாலேயே தொட்டுவிடுவாய். "பஸ்ஸ விட்ருவியா?" என்று கேலி செய்வேன். நீ இல்லாத நேரங்களில் அந்தக் கிட்டாரை எடுத்து வாசித்துத்தான் நானும் பழகினேன். அதே இடத்தில் என் விரலும் அவசரப்படுகிறது. எவ்வளவு முயன்றும் திருத்த முடியவில்லை. இனி திருத்தவும் மாட்டேன்.

நாளை கிட்டாரைக் கேட்டு வாங்குவேன். பெட்டிக்குள் ஒன்றும் இல்லை என்று முதலில் அம்மாவிடம் சொல்லிவிடுவேன். அவன் சிரித்தால் சிரிக்கட்டும். பிறகு நானே வாசிப்பேன். அந்த நாலாவது சுரம் வரும்போது, அது உன் வாசிப்பு என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும். அதற்கப்புறமும் அப்பா இதை எடுத்து அவனிடம் நீட்டினால், நான்

கதவைத் தட்டுகிறார்கள். அம்மாதான்.

"ஏத்தா, முழிச்சிருக்கியா? விடியிற வரைக்கும் பொறுக்க முடியலத்தா. ஸ்பீக்கர் இல்லாட்டிப் பரவாயில்ல, காத வச்சுக் கேட்டுக்கிறேன். ஒரே ஒரு தடவ"