பஸ்ஸுக்குள் உங்கப்பா கட்டும் வீடு

ஓசூர்
16.12.2007

அன்பு மகள் வினிதாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் பிரதாப்பும் பாப்பாவும் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க இருக்கன்குடி மாரி துணை நிற்கட்டும். நாங்களும் இங்கே சுகம் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அது முழு உண்மை இல்லை, அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். பதறாதே, கடைசி வரைக்கும் நிதானமாகப் படி. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போன் ஹாலில் இருக்கிறது, ஹாலில் உங்கப்பா இருக்கிறார். பக்கத்து வீட்டு ஜெயமணியின் போனில் பேசலாம் என்றால் அவள் வெங்காயம் உரிக்கிற சாக்கில் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வாள். நல்லவள்தான், இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்கப்போவதும் அவள்தான், அதனால்தான் உறையை நன்றாகப் பசை தடவி ஒட்டி அனுப்புகிறேன், கிழிந்திருந்தால் எனக்கு எழுது.

உங்கப்பா மே மாதம் ரிட்டயர் ஆனது உனக்குத் தெரியும். ஆடியில் ஒரு பழைய பஸ் வாங்கினார். ஏதோ ஒரு கம்பெனியின் ஸ்டாஃப் பஸ், ஏலத்தில் விட்டிருக்கிறார்கள். சீட்டெல்லாம் கிழிந்து, தரைத்தகடு துருப்பிடித்து, எஞ்சின் மட்டும் உருப்படியாக இருந்ததாம். அதைக் கொண்டுபோய் ராயக்கோட்டை ரோட்டில் வெங்கடப்பன் என்பவருடைய டிங்கரிங் ஷெட்டில் நிறுத்திவிட்டு, வீட்டுக்கு வந்து கை கழுவிக்கொண்டே என்னிடம், "காளி, பஸ்ஸுக்குள்ள ஒரு வீடு கட்டப் போறேன், ரெண்டு பேரும் ஊரு சுத்தலாம்" என்றார். எனக்கு அப்போதே உறுத்தியது. சாத்தூரை விட்டு இந்த ஊருக்கு வந்து இருபத்தொன்பது வருஷத்தில் ஒகேனக்கலுக்குக் கூட்டிப்போனது ஒரே ஒரு தடவை, அதுவும் பரிசலில் ஏறாமல் திரும்பிவிட்டோம். அப்படிப்பட்ட மனுஷனுக்குத் திடீரென்று ஊர் சுற்றுகிற ஆசை எங்கிருந்து வரும்?

அன்றிலிருந்து காலையில் டிபன் டப்பாவோடு கிளம்பினால் இருட்டுவதற்குள் வருவார். சீட்டைக் கழற்றினோம், தரைக்குப் பலகை அடித்தோம், பின்னால் கக்கூஸ் வைத்தோம், விளக்குக்குத் தனி பேட்டரி, அடியில் முந்நூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி என்று வாயால் சொல்வார், கண்ணால் பார்க்க மட்டும் விடமாட்டார். "முடிஞ்சப்புறம் பாரு" என்பார். சட்டையைத் துவைக்க எடுத்தால் ஆரஞ்சு நூல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கேட்டால், வெங்கடப்பனின் தங்கை காவேரி மெத்தை உறை தைக்கிறாள் என்கிறார். யார் அந்தக் காவேரி, வயது என்ன என்று கேட்டேன், சிரித்துவிட்டுப் போய்விட்டார். அதற்கப்புறம் புதன்கிழமை தோறும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பெங்களூருக்குப் போக ஆரம்பித்தார். சாமான் வாங்க என்கிறார், திரும்பும்போது கையில் ஒரு ஆணிகூட இருக்காது. ஒரு புதன்கிழமை கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். ஐம்பத்தெட்டு வயதில் கறுப்புக் கண்ணாடி! வாசலில் கோலமாவு டப்பாவோடு நின்ற நான் அப்படியே நின்றுவிட்டேன்.

நீ சிரிப்பாய் என்று தெரியும். நான் எல்லாரையும் சந்தேகப்படுகிறவள்தான், பால்காரனை, கேபிள்காரனை, ஏன், நீ பிரதாப்போடு பழகியதை உங்கப்பாவுக்கு முன்னால் கண்டுபிடித்ததே நான்தான். ஆனால் இது வேறு. புரட்டாசியில் அவர் சட்டைப் பையில் ஒரு காகிதம் கிடைத்தது, பஸ்ஸின் உள்படம், ஸ்கேல் வைத்து அழகாகப் போட்டிருந்தார். கட்டில் ஒன்று ஆறடி, சரி, அவருக்கு. இன்னொன்று ஐந்தடி, எனக்கு என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவதாக ஒரு சின்னக் கட்டில், மூன்றடி, பக்கத்தில் "கம்பி அடைப்பு, குழந்தை விழாமல்" என்று எழுதியிருந்தது. வினிதா, அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்துவிட்டேன். எந்தக் குழந்தை? யாருடைய குழந்தை? பாப்பா பிறந்ததை நான் அவரிடம் சொன்னதே இல்லை. நீ ஜெயமணி விலாசத்துக்கு அனுப்பிய போட்டோவைக் கூட பீரோவில் பட்டுப்புடவை மடிப்புக்குள்தான் ஒளித்து வைத்திருந்தேன். அந்தப் போட்டோவும் அந்தச் சமயத்தில் காணாமல் போயிருந்தது. வீடு பெருக்க வரும் கருப்பாயி எடுத்திருப்பாள் என்று நினைத்து, அவளிடம் மூன்று வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர்மேல் எனக்கு எண்ணம் போகவே இல்லை.

போன மாதம் ஒரு புதன்கிழமை. பெங்களூர் என்று சொல்லிவிட்டு வெள்ளைச் சட்டை போடாமல், ஷெட்டுக்குப் போகிற அழுக்குச் சட்டையோடு கிளம்பினார். இன்றைக்கு விடக்கூடாது என்று ஜெயமணியையும் இழுத்துக்கொண்டு ராயக்கோட்டை பஸ் பிடித்து ஷெட்டுக்கே போய் இறங்கினேன். வாசலில் நின்ற வெங்கடப்பன் என்னை எப்படியோ தெரிந்துகொண்டு, "பேடம்மா, வேணாம், உள்ள போகாதீங்க, சாரு கோவம் பண்ணுவாரு" என்று கையை நீட்டி மறித்தார். மறித்ததும் என் சந்தேகம் உறுதியாகிவிட்டது. அவரைத் தள்ளிக்கொண்டு போய் பஸ்ஸின் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். உள்ளே உங்கப்பா கண்ணைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு, கையை நீட்டித் தடவித் தடவி நடந்துகொண்டிருந்தார். இந்த வயதில் யாரோடு கண்ணாமூச்சி ஆடுகிறார் என்றுதான் முதலில் எனக்குத் தோன்றியது, அவ்வளவு கோணலாக ஓடுகிறது என் புத்தி. படியேறி உள்ளே போனேன். காலடிச் சத்தம் கேட்டு, "காவேரி, அடுப்புப் பக்கம் அந்த மெத்தைய இன்னும் ரெண்டு விரக்கட தள்ளணும்மா, கால் இடிக்குது" என்றார். நான் துண்டைப் பிடித்து உருவினேன்.

நல்ல வெளிச்சம், பதினோரு மணி வெயில் கதவு வழியாக விழுந்துகொண்டிருக்கிறது, நான் அவருக்கு இரண்டடி தூரத்தில் நிற்கிறேன். என்னை நேராகப் பார்த்து, "யாரு?" என்றார்.

"நான்தாங்க" என்றேன். அப்படியே சின்னக் கட்டிலில் உட்கார்ந்தேன். அதற்கு மேலே தகட்டில் பாப்பாவின் போட்டோ ஒட்டியிருந்தது, அவர் அடிக்கடி கிட்டே வைத்துப் பார்த்து ஓரமெல்லாம் கசங்கியிருந்தது. அவரும் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். சர்க்கரை கண்ணுக்கு ஏறிவிட்டதாம். பெங்களூர் போனதெல்லாம் கண் ஆஸ்பத்திரிக்கு. சொட்டு மருந்து விட்டால் வெயில் கூசும் என்று கொடுத்ததுதான் அந்தக் கண்ணாடி. "வலது கண்ணுல ஒன்னும் இல்ல காளி. இடதுல கொஞ்சம் மிச்சம் இருக்கு. அது இருக்கும்போதே புள்ளையவும் பேத்தியவும் ஒரு தடவ பாத்துரணும்" என்றார். கண் போனாலும் உள்ளே தடுமாறாமல் இருக்கத்தான் துண்டு கட்டிப் பழகுகிறாராம்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "அதுக்கு ரயில் இல்லையா? இந்த இரும்பு எதுக்கு?" என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ரயில்ல போயி எங்க எறங்குறது? அவ வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன், அவ வீட்டுத் தண்ணியக் குடிக்க மாட்டேன்னு நாலு வருசத்துக்கு முன்னால எங்கம்மா படத்துக்கு முன்னாடி சொன்னேன்ல. சொன்னது சொன்னதுதான். நான் என் வீட்டுல இருக்கேன், என் தண்ணியக் குடிக்கிறேன். என் வீடு அவ தெருவுல நிக்குது, அவ்வளவுதான்" என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நீ பிரதாப்பைக் கட்டிக்கொண்டு போன அன்று கோபத்தில் சொன்ன ஒரு வார்த்தையை விடவும் முடியாமல், உன்னை விடவும் முடியாமல், இந்த மனுஷன் ஐந்து மாதம் தகடு வெட்டியிருக்கிறார். வெளியே ஜெயமணி அழுகிற சத்தம் கேட்டது, அவள் எல்லாவற்றையும் ஜன்னலோரம் நின்று கேட்டிருக்கிறாள், நான் சொன்னேன் அல்லவா.

அடுத்த புதன்கிழமை அவரோடு நானே ஆஸ்பத்திரிக்குப் போனேன், அவர் சொன்னதை மட்டும் நம்பக்கூடாது என்று. டாக்டர் சின்னப் பெண். லேசர் மூன்று தடவை வைத்தாயிற்று, இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கிறோம், எத்தனை நாளைக்கு என்று உறுதி சொல்ல முடியாது, பார்க்க வேண்டியவர்களைத் தள்ளிப்போடாமல் பார்த்துவிடட்டும் என்றாள். அவளையும் எனக்கு முழுதாக நம்பத் தோன்றவில்லை, மதுரையில் இன்னொருவரிடம் காட்ட வேண்டும். கருப்பாயியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், கேட்டது போதாது போலிருக்கிறது, பொங்கலுக்குப் புடவை கொடுக்கும்போது மறுபடியும் கேட்பேன். காவேரியையும் பார்த்தேன். அறுபது வயது, முன்பல் இரண்டு இல்லை.

தை ஐந்தாம் தேதி கிளம்புகிறோம். ஓட்டப்போவது வெங்கடப்பன், ஷெட் போடுவதற்கு முன்னால் கிரானைட் லாரியில் குஜராத்துக்குப் போய் வந்தவர், நீ இருக்கிற பரோடா ரோடெல்லாம் தெரியும் என்கிறார். தூங்காமல் ஓட்டுவாரா என்று நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொள்வேன். போன ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரி டேம் வரை ஓட்டிப் பார்த்தோம். வழியில் போலீஸ்காரர் நிறுத்தி, பஸ்ஸுக்கு எதற்கு இத்தனை திரை, உள்ளே என்ன என்று கேட்டார். "வீடு சார், காப்பி சாப்பிடுறீங்களா" என்றார் உங்கப்பா. போலீஸ்காரர் ஏறிப் பார்த்துவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டுத்தான் இறங்கினார்.

இனி நீ செய்ய வேண்டியதைக் கேள். அவரை வீட்டுக்குள் வாருங்கள் என்று கூப்பிடாதே. தண்ணீர்ச் சொம்போடு வாசலில் நிற்காதே. கண்ணைப் பற்றி வாய் திறக்காதே, உனக்கு எதுவும் தெரியாது. பஸ் வந்து நின்றால் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நீயாகப் படியேறி உள்ளே வா, வெளிச்சம் இருக்கும் பக்கமாகப் பார்த்து உட்கார், பளிச்சென்ற நிறத்தில் புடவை கட்டு. அவர் உன்னோடு பேசுவாரா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நேரடியாகக் கேட்டே பார்த்தேன், அவர் ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டே இருந்தார். பார்த்துவிட்டு அப்படியே வண்டியைத் திருப்பச் சொன்னாலும் சொல்வார், அந்தச் சந்தேகம் எனக்கு இன்னும் போகவில்லை. பிரதாப் மேலும் எனக்குக் கொஞ்சம் இருக்கிறது, மறைக்கவில்லை. அன்றைக்கு அவர் வேலை இருக்கிறது என்று வெளியே போய்விடக்கூடாது, சொல்லி வை.

உங்கள் தெரு எத்தனை அடி அகலம், மின்கம்பி எவ்வளவு உயரத்தில் தொங்குகிறது என்று அளந்து உடனே எழுது. வண்டி ஏழரை அடி அகலம், பத்தரை அடி உயரம். பாப்பாவுக்குக் காலையில் காதைக் கட்டு. உனக்கு மோர்மிளகாயும் கருவேப்பிலைப் பொடியும் எடுத்து வைத்திருக்கிறேன். நீயும் உன் குடும்பமும் நோய்நொடி இல்லாமல் பல்லாண்டு வாழ வேண்டும்.

இன்னொன்று, எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து எழுதுகிறேன். நேற்று அடுப்புக்கு மேலே டம்ளர் மாட்டக் கொக்கி அடித்துக்கொண்டிருந்தார். ஆறு கொக்கி. எங்கள் இரண்டு பேருக்கு இரண்டு, வெங்கடப்பனுக்கு ஒன்று. மீதி எதற்கு என்றேன். "வீட்டுக்கு வாறவங்களுக்குத் தண்ணி குடுக்க வேணாமா? புள்ளைக்கு ஒன்னு, பேத்திக்கு ஒன்னு" என்றார். அப்படியும் ஒன்று மிஞ்சுகிறதே என்றேன். சுத்தியலைக் கீழே வைக்காமல், "மாப்பிள்ளைக்கு" என்றார். நான் சரியாகத்தான் கேட்டேனா என்று மறுபடியும் கேட்டேன், மறுபடியும் அதையேதான் சொன்னார்.

இப்படிக்கு,
உன்னைப் பார்க்க நாள் எண்ணும் அம்மா,
ர. காளியம்மாள்